தூரத்துப் போர், பக்கத்துக் கமிஷன்

ஈராக் போருக்குக் கூட வரமாட்டேன் என்று பிரான்ஸ் சொன்ன கோபத்தில், 2003 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் கேன்டீன்களில் பிரெஞ்ச் ஃப்ரைஸின் பெயரை ஃப்ரீடம் ஃப்ரைஸ் என்று மாற்றினார்கள். உருளைக்கிழங்கு அதேதான், எண்ணெயும் அதேதான். முன்னின்று செய்தவர்கள் குடியரசுக் கட்சியின் கீழவை உறுப்பினர்கள் இரண்டு பேர்: ஒஹாயோவின் பாப் நெய், வட கரோலினாவின் வால்டர் ஜோன்ஸ். உலகம் சிரித்துவிட்டு மறந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு பேரும் அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போனார்கள் என்று பார்த்தாலே, அமெரிக்க வலதுசாரிகளில் ஒரு பெரிய கூட்டம் ஏன் வெளியுறவுக் கொள்கையையும் ஊழலையும் ஒரே மூச்சில் பேசுகிறது என்பது பாதி புரிந்துவிடும்.

பாப் நெய் ஜெயிலுக்குப் போனார். ஜாக் ஏப்ரமாஃப் என்ற லாபிக்காரரின் (காசு வாங்கிக்கொண்டு அரசியல்வாதிகளிடம் காரியம் சாதித்துத் தருகிறவர்) விவகாரத்தில் மாட்டி, ஸ்காட்லாந்து கோல்ஃப் பயணம், ஓசிச் சாப்பாடு, விளையாட்டு டிக்கெட் என்று வாங்கியதையெல்லாம் ஒப்புக்கொண்டார். அதோடு, அமெரிக்க விமானமும் உதிரிபாகமும் வெளிநாட்டுக்கு விற்பதற்கு வழி தேடிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டு வியாபாரியிடம் ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள சூதாட்டச் சில்லுகள் வாங்கியதும் அந்த ஒப்புதலில் உண்டு. 2007 ஜனவரியில் 30 மாதச் சிறைத் தண்டனை. தேசபக்தியில் உணவின் பெயரை மாற்றியவர், பக்கத்திலேயே வேறொரு கணக்கும் பார்த்திருக்கிறார்.

ஜோன்ஸ் கதை வேறு. அவர் தொகுதியில்தான் கேம்ப் லெஜூன் என்ற மிகப் பெரிய மரைன் படைத்தளம் இருக்கிறது. போர் தொடங்கிய சில வாரங்களில், ஈராக்கில் இறந்த ஒரு மரைன் வீரரின் இறுதிச் சடங்குக்குப் போனார். கணவர் கடைசியாக எழுதிய கடிதத்தை மனைவி அங்கே வாசித்தார். வீரர் தன் இரட்டைக் குழந்தைகளைப் பார்க்காமலே போயிருந்தார். அன்றைக்கு ஆரம்பித்து, இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார் ஜோன்ஸ், சாகும்வரை ஆயிரக்கணக்கில் எழுதினார். 2005-இல் ஈராக்கிலிருந்து படைகளைத் திரும்பக் கூப்பிட ஒரு தேதி வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். தன் அலுவலக வாசலில் இறந்த வீரர்களின் படங்களை வரிசையாக வைத்தார். சொந்தக் கட்சியின் மேல்மட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. 2014 உட்கட்சித் தேர்தலில் புஷ் நிர்வாகத்தில் வேலை பார்த்த ஒருவர் அவரை எதிர்த்து நின்றார், வெளியிலிருந்து பணமும் கொட்டியது. ராணுவக் குடும்பங்கள் நிறைந்த அந்தத் தொகுதி ஜோன்ஸையே அனுப்பியது. 2019-இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார்.

அமெரிக்க மக்கள்திரள் வலதுசாரிகளைப் பற்றி நம் ஆட்கள் எழுதுவதில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று, "எல்லாரும் இனவெறி பிடித்த முட்டாள்கள்." இன்னொன்று, "டிரம்ப் வந்தார், போர்களை நிறுத்தினார், அரசுக்குள் ஒளிந்திருக்கும் ஆழ்நிலை அரசை ஒழித்தார்." இரண்டிலுமே ஜோன்ஸ் மாதிரி ஆளுக்கு இடம் கிடையாது. ஆனால் அந்த அரசியலின் வலுவான வாதம் அவர் மாதிரி ஆட்களிடமிருந்துதான் வருகிறது. அந்த வாதம் இதுதான்: வெளிநாட்டுப் போர் என்பதும் அரசாங்க ஊழல் என்பதும் இரண்டு பிரச்சினை இல்லை, ஒன்றேதான். கணக்குக் கேட்க முடியாத தூரத்துக்குப் பணத்தை அனுப்புகிற ஏற்பாட்டுக்குத்தான் போர் என்று பெயர்.

சரி, இது எவ்வளவு தூரம் உண்மை? நான் நினைத்ததைவிட அதிகம்.

முதலில் ஈராக். 2003 மே மாதத்துக்கும் 2004 ஜூனுக்கும் நடுவில் சுமார் 12 பில்லியன் டாலர் ரொக்கமாக, ஆமாம், நோட்டுக் கட்டுகளாக, ராணுவச் சரக்கு விமானங்களில் பாக்தாதுக்குப் போனது. எடை மட்டும் 363 டன். இது பெரும்பாலும் ஈராக்கின் சொந்த எண்ணெய் வருமானமும் முடக்கப்பட்டிருந்த சொத்தும், அமெரிக்கப் பெடரல் வங்கிக் கணக்கில் கிடந்தது. ஈராக் அமைச்சகங்களிடம் கொடுத்ததில் 8.8 பில்லியனுக்கு ஒழுங்கான கணக்கில்லை என்று அமெரிக்க அரசே நியமித்த சிறப்புத் தணிக்கையாளர் 2005 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். அதே சமயத்தில் ஈராக்கின் எண்ணெய்க் கட்டமைப்பைச் சரிசெய்யும் காண்ட்ராக்ட் டெண்டரே இல்லாமல் ஹாலிபர்ட்டனின் துணை நிறுவனத்துக்குப் போனது. துணை அதிபர் டிக் செனி 2000 வரை தலைமை நிர்வாகியாக இருந்த அதே ஹாலிபர்ட்டன். ராணுவப் பொறியியல் பிரிவில் காண்ட்ராக்ட்களுக்குப் பொறுப்பாக இருந்த பன்னட்டின் கிரீன்ஹவுஸ் என்ற மூத்த அதிகாரி, இது சரியில்லை என்று தன் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே கைப்பட எழுதி வைத்தார். 2005-இல் அவரைப் பதவியிறக்கம் செய்தார்கள். அவ்வளவுதான்.

ஆப்கானிஸ்தான் கணக்கைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆப்கன் விமானப்படைக்கென்று 20 பழைய இத்தாலியச் சரக்கு விமானங்களைப் புதுப்பித்து வாங்கினார்கள், மொத்தச் செலவு 549 மில்லியன் டாலர். ஒழுங்காகப் பறக்கவில்லை, உதிரிபாகம் கிடைக்கவில்லை. 2014-இல் அவற்றில் 16 விமானங்களை காபூலிலேயே உடைத்து எடைக்குப் போட்டார்கள், வந்தது சுமார் 40,000 டாலர். இந்தத் திட்டத்தில் முக்கியமாக இருந்த ஒரு விமானப்படை ஜெனரல் ஓய்வு பெற்றபின் அந்த விமானங்களை விற்ற நிறுவனத்தின் சார்பில் வேலை பார்த்திருக்கிறார். விசாரித்தார்கள், கடைசியில் நீதித்துறை வழக்குப் போடவில்லை. இன்னொன்று சீருடை. ஆப்கன் அமைச்சர் ஒருவருக்குப் பிடித்திருந்தது என்பதற்காக, காட்டுக்குள் ஒளிந்துகொள்வதற்கான பச்சை டிசைனில் ராணுவ உடை வாங்கிக் கொடுத்தார்கள். ஆப்கானிஸ்தானில் காடு 2.1 சதவீதம். இதில் வீணான கூடுதல் செலவு 28 மில்லியன் டாலர் வரை போயிருக்கலாம் என்று தணிக்கை சொன்னது.

இதெல்லாம் தனித்தனி முட்டாள்தனம் மாதிரித் தெரியும். இல்லை, இதற்கு ஒரு இயங்குமுறை இருக்கிறது, அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். உள்ளூரில் பாலம் கட்டினால் விரிசல் விட்ட மறுநாளே அதில் போகிறவன் பார்த்துவிடுவான், அவனுக்கு ஓட்டும் இருக்கிறது. காந்தஹாரில் கட்டுகிற கட்டடத்தைப் பார்க்கிறவனுக்கு அமெரிக்காவில் ஓட்டு கிடையாது, ஓட்டு இருக்கிறவன் அதைப் பார்க்கப்போவது கிடையாது. அவசரம் என்று சொல்லி டெண்டரைத் தவிர்க்கலாம், ரகசியம் என்று சொல்லி ஃபைலைக் காட்டாமல் இருக்கலாம், பாதுகாப்பு நிலவரம் சரியில்லை என்று சொல்லித் தணிக்கையாளரை இடத்துக்கே போகவிடாமல் செய்யலாம். அதற்கு மேல், ஆன செலவு எவ்வளவோ அதோடு ஒரு லாபத் தொகையும் சேர்த்துக் கொடுக்கிற ஒப்பந்த முறை ஒன்று இருக்கிறது. அதில் கம்பெனிக்குச் சிக்கனம் பார்க்க எந்தக் காரணமும் இல்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். இதில் கெட்ட மனிதர்கள் இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. சாதாரண மனிதர்களே போதும்.

கெட்ட மனிதர்களும் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். கலிஃபோர்னியாவின் ராண்டி "டியூக்" கன்னிங்ஹாம், வியட்நாம் போரில் பேர் வாங்கிய போர் விமானி, குடியரசுக் கட்சிக்காரர், ராணுவக் காண்ட்ராக்ட்காரர்களிடம் 2.4 மில்லியன் டாலர் லஞ்சம் வாங்கினார். எவ்வளவு காண்ட்ராக்டுக்கு எவ்வளவு லஞ்சம் என்று நாடாளுமன்ற லெட்டர்ஹெட்டிலேயே ஒரு பட்டியல் எழுதியிருந்தார். முதல் 16 மில்லியன் காண்ட்ராக்டுக்கு ஒரு படகு, அதற்கு மேல் ஒவ்வொரு மில்லியனுக்கும் 50,000 டாலர், அளவு கூடினால் ரேட்டில் தள்ளுபடி. 2006-இல் எட்டு வருடம் நான்கு மாதம் தண்டனை. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார். எதிர்க்கட்சியும் சளைத்ததில்லை. செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவராக இருந்த ஜனநாயகக் கட்சியின் பாப் மெனண்டஸ் வீட்டில் தங்கக் கட்டிகளும் சுமார் 480,000 டாலர் ரொக்கமும் கிடைத்தன, எகிப்து அரசுக்குச் சாதகமாக நடந்துகொண்டது உட்பட எல்லாக் குற்றச்சாட்டும் 2024-இல் நிரூபணமானது, 11 வருடம் சிறை. வெளியுறவுக் கொள்கையும் கமிஷனும் ஒன்று என்று வலதுசாரிகள் மேடையில் கத்தும்போது, வீட்டுக்குள் தங்கக் கட்டியோடு ஒரு குழுத் தலைவரே பிடிபட்டால் யார்தான் இல்லை என்று சொல்ல முடியும்?

இதெல்லாம் டிரம்ப் கண்டுபிடித்த வாதம் என்று நினைப்பது தப்பு. ஓஹாயோ செனட்டர் ராபர்ட் டாஃப்ட் 1949-இல் நேட்டோ ஒப்பந்தத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டார். ஐசன்ஹோவர், ஐந்து நட்சத்திர ஜெனரல், 1961-இல் அதிபர் பதவியை விட்டுப் போகும் முன் ராணுவமும் ஆயுதத் தொழிலும் சேர்ந்த கூட்டணியைப் பற்றி எச்சரித்தார். வலதுசாரிப் பத்தி எழுத்தாளர் பேட் புக்கானன் 1991 வளைகுடாப் போரை எதிர்த்தார், 1992-இல் பதவியில் இருந்த சொந்தக் கட்சி அதிபரையே எதிர்த்து நின்று நியூ ஹாம்ப்ஷயரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கினார். ரான் பால் 2002-இல் ஈராக் போர்த் தீர்மானத்துக்கு எதிராக ஓட்டுப் போட்ட ஆறே ஆறு குடியரசுக் கட்சிக் கீழவை உறுப்பினர்களில் ஒருவர். ஆனாலும் இந்த வாதம் கட்சியின் ஓரத்திலேயே கிடந்தது. நடுமேடைக்கு இதைக் கொண்டுவந்த தருணம் 2016 பிப்ரவரி, தென் கரோலினா விவாதம். ராணுவ ஓய்வூதியக்காரர்கள் நிறைந்த மாநிலத்தில், ஈராக் போரைத் தொடங்கிய அதிபர் புஷ்ஷின் தம்பி ஜெப் புஷ் பக்கத்தில் நிற்கும்போதே, ஈராக் போர் பெரிய தவறு, பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று பொய் சொன்னார்கள் என்றார் டிரம்ப். அரங்கமே கூச்சல் போட்டது. முடிந்தது கதை என்று பல நிபுணர்கள் சொன்னார்கள். ஒரு வாரத்தில் அவர் அந்த மாநிலத்தில் ஜெயித்தார், ஜெப் புஷ் அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார்.

டக்ளஸ் கிரைனர், ஃபிரான்சிஸ் ஷென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பின்னால் பார்த்தபோது, ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அதிக உயிர்களை இழந்த ஊர்களுக்கும் டிரம்புக்குக் கூடிய ஆதரவுக்கும் தொடர்பு இருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. சண்டைக்குப் போகிற பையன்கள் ஒரு ஊரிலிருந்து வருகிறார்கள், காண்ட்ராக்ட் பணம் வேறொரு ஊருக்குப் போகிறது.

2023 பிப்ரவரியில் ஒஹாயோவின் ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற சின்ன ஊரில் ரசாயனம் ஏற்றிய சரக்கு ரயில் தடம் புரண்டது நினைவிருக்கலாம். அந்த மாதம் 20-ஆம் தேதி அதிபர் பைடன் கீவ் நகரில் இருந்தார். 22-ஆம் தேதி டிரம்ப் தண்ணீர்ப் பாட்டிலோடு அந்த ஒஹாயோ ஊரில் இருந்தார். அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், பிரச்சாரம் முடிந்தது.

உக்ரைன் விஷயத்தில் மட்டும் எனக்கு இவர்களோடு ஒத்துப்போகவில்லை. ஈராக்கில் அமெரிக்கா படையெடுத்தது, உக்ரைன் படையெடுக்கப்பட்ட நாடு. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "இதுவும் இன்னொரு ஈராக்" என்று கடந்துபோவது சோம்பேறித்தனம். உக்ரைன் ஊழல் நாடு என்பதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் 2023-இல் ராணுவச் சாப்பாட்டுக்கு முட்டையைக் கடை விலையைவிட ரெண்டு மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கிய விவகாரம். ஆனால் அதை வெளியே கொண்டுவந்ததே உக்ரைன் பத்திரிகையாளர்கள்தான், அதுவும் போர் நடக்கும்போதே, அந்த வருடமே பாதுகாப்பு அமைச்சர் மாற்றப்பட்டார். ரஷ்யாவில் இப்படி ஒரு முட்டைக் கதையை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? அதே நேரத்தில் உதவியை ஆதரித்தவர்களும் ஒரு வேடிக்கை செய்தார்கள். "கவலைப்படாதீர்கள், இந்தப் பணத்தில் பெரும்பகுதி நம் ஊர் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது" என்று சொன்னார்கள். ஆயுதக் கம்பெனிக்காகத்தான் எல்லாமே நடக்கிறது என்று சந்தேகப்படுகிறவனிடம் போய்ச் சொல்கிற சமாதானமா இது! 2024 ஏப்ரலில் 61 பில்லியன் டாலர் உதவிக்கு எதிராகக் குடியரசுக் கட்சியில் 112 பேர் ஓட்டுப் போட்டார்கள்.

இன்னொரு குறை, இது பழைய நோய். ஊழல் எப்படி நடக்கிறது என்ற இயங்குமுறையைச் சொல்லாமல் "அவர்கள் நம்மைக் கொள்ளையடிக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னால், அந்த "அவர்கள்" யார் என்ற கேள்விக்குச் சீக்கிரமே ஒரு சமூகத்தின் பெயர் வந்து உட்கார்ந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா சேரக் கூடாது என்று 1940-இல் தொடங்கிய அமெரிக்கா ஃபர்ஸ்ட் கமிட்டியின் நட்சத்திரப் பேச்சாளர், புகழ்பெற்ற விமானி சார்லஸ் லிண்ட்பெர்க், 1941 செப்டம்பரில் டி மாய்ன் நகரில் பேசும்போது நாட்டைப் போருக்குத் தள்ளுகிறவர்களின் பட்டியலில் யூதர்களைச் சேர்த்தார். அந்தப் பேச்சின் கறை இன்னும் போகவில்லை, இன்றைக்கும் இணையத்தில் போர் எதிர்ப்பு என்று ஆரம்பித்து நாலாவது வரியில் யூத வெறுப்பில் முடிகிற ஆட்களைத் தினமும் பார்க்கலாம். ஹாலிபர்ட்டனைத் திட்ட ஆதாரம் தேட வேண்டும், ஒரு இனத்தைத் திட்ட எதுவும் தேட வேண்டியதில்லை.

இப்போது அதிகாரம் கையில் கிடைத்தபின் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். டிரம்பின் முதல் ஆட்சியில் பாதுகாப்பு அமைச்சகத்தில் தற்காலிகப் பொறுப்பில் இருந்த பேட்ரிக் ஷானஹன் போயிங்கிலிருந்து வந்தவர், அடுத்து வந்த மார்க் எஸ்பர் ரேதியான் ஆயுத நிறுவனத்தின் லாபிக்காரர். (பைடன் என்ன செய்தார்? ரேதியான் இயக்குநர் குழுவில் இருந்த லாய்ட் ஆஸ்டினைக் கொண்டுவந்தார். கட்சி மாறும், கம்பெனி மாறாது.) 2021 ஜனவரியில் பதவியின் கடைசி நேரத்தில் மன்னிப்பு வாங்கியவர்களில் ஒருவர் கன்னிங்ஹாம், அந்த லஞ்ச ரேட் பட்டியல்காரரேதான். வாஷிங்டனின் ஊழல் சதுப்புநிலத்தை வற்றவைக்கிறேன் என்று வந்தவர் முதலைக்கு மாலை போட்டு அனுப்பினார்.

இரண்டாவது ஆட்சி இன்னும் வெளிப்படை. 2025 ஜனவரி 24 இரவில் சுமார் 17 அரசுத் துறைகளின் தலைமைத் தணிக்கையாளர்களை ஒரே நேரத்தில் நீக்கினார், பாதுகாப்பு அமைச்சகத்தில் இருந்தவரையும் சேர்த்து. மேலே நான் சொன்ன விமானக் கதையும் சீருடைக் கதையும் ரொக்கக் கதையும் நமக்கு எப்படித் தெரியும்? இந்த மாதிரித் தணிக்கை அலுவலகங்கள் எழுதிய அறிக்கைகள் மூலமாகத்தான். பிப்ரவரியில், அமெரிக்கக் கம்பெனிகள் வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கிற 1977 சட்டத்தை அமல்படுத்துவதை நிறுத்திவைத்தார். மே மாதம் கத்தார் அரசிடமிருந்து சுமார் 400 மில்லியன் டாலர் மதிப்புள்ள போயிங் 747 விமானம் பரிசாக வந்தது, வாங்கிக்கொண்டார்கள். ஹிலாரி கிளிண்டனின் அறக்கட்டளைக்கு வளைகுடா நாடுகள் நன்கொடை கொடுத்ததை வருடக்கணக்கில் பேசிய அதே வாய்கள், விமானத்துக்கு நன்றிதானே சொல்ல வேண்டும் என்றன. எலான் மஸ்க்கின் சிக்கனப் படை பட்ஜெட்டில் ஒரு சதவீதமே வரும் வெளிநாட்டு உதவியின்மேல் பாய்ந்து, அதைக் கொடுத்துவந்த யூஎஸ்எய்ட் என்ற அரசு நிறுவனத்தையே கலைத்தது. ராணுவ பட்ஜெட்டோ முதன்முறையாக ஒரு டிரில்லியன் டாலரைத் தொடும் என்று பெருமையாக அறிவித்தார்கள்.

2025 ஜூனில் ஈரான் அணு நிலையங்கள்மேல் அமெரிக்கக் குண்டு விழுந்தபோது கூடாரத்துக்குள்ளேயே சண்டை வந்தது. அதற்குச் சில நாள் முன்னால் வலதுசாரி ஊடகப் பேச்சாளர் டக்கர் கார்ல்சன், செனட்டர் டெட் குரூஸிடம் ஈரானின் மக்கள்தொகை எவ்வளவு என்று கேட்டார், தெரியாது என்றார் குரூஸ். ஆட்சியைக் கவிழ்க்க வேண்டும் என்று பேசுகிற நாட்டைப் பற்றி! கார்ல்சனின் மற்ற பல பேச்சுகளை என்னால் சகிக்க முடியாது, ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்வி அவசியமான கேள்வி. கென்டக்கியின் தாமஸ் மாஸி, அமெரிக்காவின் தேசியக் கடன் ஏறிக்கொண்டே இருப்பதைக் காட்டும் குட்டி மின்னணுக் கருவியைக் கோட்டில் குத்திக்கொண்டு அலைகிற மனிதர், ஜனநாயகக் கட்சியின் ரோ கன்னாவோடு சேர்ந்து, நாடாளுமன்ற அனுமதியில்லாமல் ஈரான்மேல் போர் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஒபாமா காலத்தில் இதையே செய்திருந்தால் கட்சியில் பாதிப் பேர் அவருக்குக் கைதட்டியிருப்பார்கள். இப்போது அதிபரே அவரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்கச் சொன்னார். ஜோன்ஸுக்குக் கட்சி மேல்மட்டம் செய்ததையே, மேல்மட்டத்தை எதிர்த்து வந்தவர்கள் மாஸிக்குச் செய்தார்கள்.

பென்டகனின், அதாவது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சகத்தின், முழுத் தணிக்கை 2018-இல்தான் முதல்முறையாக நடந்தது. அதில் தேறவில்லை. அதற்குப் பிறகும் வருடா வருடம் தேறவில்லை, 2024 நவம்பரில் ஏழாவது தடவை. நாலு டிரில்லியன் டாலருக்கு மேல் சொத்து வைத்திருக்கிற அமைச்சகத்தின் கணக்கை, தணிக்கையாளர் சரி என்று சொல்ல மறுக்கிறார், யாருடைய வேலையும் போவதில்லை. முடியாத காரியம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை, ஏனென்றால் மரைன் படை மட்டும் 2024 தொடக்கத்தில் சுத்தமான தணிக்கை அறிக்கை வாங்கிக் காட்டியது. மொத்த அமைச்சகமும் 2028 டிசம்பர் 31-க்குள் தேற வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்தத் தேதிக்கு இரண்டு மாதத்துக்கும் குறைவாக முன்னால், அந்த நவம்பரில், அதிபர் தேர்தல். ஈராக்கில் மரைனாக இருந்த, டிரம்பின் துணை அதிபர் ஜே.டி. வான்ஸோ வேறு யாரோ, "முடிவில்லாத போர்கள்" என்று மேடையில் ஆரம்பிக்கப் போகிறவர்கள் அந்தத் தேதியை ஒரு தடவையாவது வாயால் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சொன்னால் அந்தப் பேச்சை முழுசாகக் கேட்பேன்.